பாஸ்கராச்சாரியரும் முக்கோணியும்

கணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மலைநாட்டு இளைஞர் பலர் அஞ்சுகின்றனர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இந்த ஒரு பாடத்திலே தவறி, மேற்படிப்பை இழப்போர் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! மிஷன் பாடசாலை வாங்குகளில் அமர்ந்து பைதகரஸ் தேற்றத்தை மனனம் செய்த நாம், அதே உண்மையைப் பாரத நாட்டில் இனிக்க இனிக்கப் போதித்த பேராசான் ஒருவரின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

பாஸ்கராச்சாரியர் 1114 ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய ஊராகிய விஜ்ஜடவிடம், நம்முடையதைப் போலவே மலை சார்ந்த சஹ்யாத்ரிப் பிரதேசத்தது. தந்தையார் மகேஸ்வரரே அவருக்குக் குருவாகவும் அமைந்தார். 1150 இல், தமது 36 ஆம் வயதில், சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை அவர் இயற்றினார். எண்கணிதமும் கேத்திரகணிதமும் கூறும் லீலாவதி அதன் முதற் பாகம். அட்சரகணிதம் கூறும் பீஜகணிதம் அடுத்தது. ஏனைய இரண்டும் வானியல் பற்றியவை. 69 ஆம் வயதிலும் அவர் ஓயவில்லை. 1183 இல் கரண குதூகலம் என்னும் வானியல் நூலைத் தந்தார்.

லீலாவதியில் செங்கோண முக்கோணி 3, 4, 5 என்ற எளிய அளவுகளோடு அறிமுகமாகிறது. மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16, கூட்டினால் 25. அது ஐந்தின் வர்க்கம். மிக நீண்ட பக்கத்தின் வர்க்கம் மற்றிரு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமனாயின், அம்முக்கோணி செங்கோணமுடையது. பாகைமானி வேண்டியதில்லை, அளவுகோல் ஒன்றே போதும். காற்றில் முறிந்த 32 முழ மூங்கிலின் நுனி, அடியிலிருந்து 16 முழத் தூரத்தில் நிலத்தைத் தொட்டால், முறிந்த இடம் எவ்வளவு உயரம் என்று ஆசிரியர் வினவுகிறார். விடை 12 முழம். முறிந்து சாய்ந்த 20 முழமே அங்கே செம்பக்கம்.

முக்கோணிகளைப் பக்கங்களால் வகுக்கும்போது மூன்றும் சமமாயின் சமபக்கம், இரண்டு சமமாயின் இருசமபக்கம், ஒன்றும் சமமில்லையாயின் சமனில்பக்கம் என்கிறோம். 13, 14, 15 என்ற சமனில்பக்க முக்கோணியை ஆசாரியர் எடுத்துக்கொள்கிறார். 14 ஐ அடியாக வைத்துச் செங்குத்து இறக்கினால் அதன் உயரம் 12. அடி 5 ஆகவும் 9 ஆகவும் பிரிய, இரண்டு செங்கோண முக்கோணிகள் தோன்றுகின்றன! பரப்பு 84.

3, 6, 9 என்று பக்கங்கள் கூறி, முக்கோணி கேட்பவர்க்கும் அவர் விடை வைத்திருக்கிறார். அவ்வளவில் நேரான குச்சிகளை வைத்துப் பார்க்கச் சொல்கிறார். சிறியவை இரண்டும் சேர்ந்தாலும் பெரியதற்குச் சமமாகவே நிற்கும், உருவம் அமையாது. நூல் சொல்லிற்று என்று நம்பாது, கையால் செய்து அறிக என்பதே அவர் வழி.

லீலாவதி அவருடைய மகள் என்பர். நாழிகை வட்டிலின் துளையை முத்தொன்று அடைத்து மணமுகூர்த்தம் தவறியதாகவும், மகளைத் தேற்றவே நூலுக்கு அவள் பெயரை இட்டதாகவும் கதை உண்டு. 1587 இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்த பைஸி கூறும் கதை அது. மெய்யோ புனைவோ, கணிதம் பெண்களுக்கும் உரியது என்பதை நம் தங்கையர்க்கு அது நினைவூட்டட்டும்.

அவர் பேரர் சங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பிக்கவே ஒரு மடம் நிறுவியதை 1207 ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. முன்னோர் பெருமை பேசுவதோடு அவர் நிற்கவில்லை. கற்பிக்க இடம் அமைத்தார். நாமும் வாரத்தில் ஒரு மாலை, நம் லயங்களின் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க முன்வருவோமாக. மூன்று குச்சிகள் போதும், முதற்பாடம் தொடங்க!