வில்லியம் ஹியூசன்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகள் உயர்ந்து நிற்கின்றன. அங்குள்ள ஏலத்தோட்டங்களில் களை அறுப்போர் விரல்களில் அரிவாள் சிறிது பட்டுவிடுவதுண்டு. கசியும் குருதி சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். இஃது எவ்வாறு நிகழ்கிறது? இவ்வினாவை ஆராய்ந்து, குருதி ஆய்வின் தந்தை எனப் போற்றப்படுபவர் வில்லியம் ஹியூசன்.

இவர் 1739ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள எக்சாம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். ஹியூசன் 1759ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் சென்று, புகழ்பெற்ற ஹண்டர் உடன்பிறந்தாரிடம் உடற்கூற்றியல் பயின்றார். விரைவில் அவர்கள் பள்ளியிலேயே ஆசிரியராகவும் உயர்ந்தார்.

உடலை விட்டு வெளிவரும் குருதி, குளிர்ச்சி அடைவதால் உறைகிறது என்று அக்காலத்தார் பலர் எண்ணினர். ஹியூசன் அதனை அப்படியே ஏற்கவில்லை. விலங்கொன்றின் சிரையை இரு முனைகளிலும் கட்டி, உள்ளிருந்த குருதி பனிக்கட்டியைப்போல் இறுகும்வரை குளிர்வித்தார். பின்னர் இளகச் செய்தார். குருதி முன்போலவே நீராய் ஓடிற்று. வெளியே வடித்து வைத்த பின்னரே உறைந்தது. குளிர்ச்சி காரணமன்று என்பது தெளிவாயிற்று.

அடுத்து, உப்பு ஒன்றைக் கலந்து, குருதி உறையாதவாறு தடுத்தார். சிவப்பணுக்கள் அடியிற் படிந்தன. மேலே தெளிந்து நின்ற நீர்மத்தைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் சேர்த்தார். அத்தெளிந்த நீர்மமே உறைந்தது! உறையும் பொருள் சிவப்பணுக்களில் இல்லை, நீர்மத்திலேயே உள்ளது என்னும் உண்மையை 1771ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அப்பொருளை இன்று ஃபைப்ரினோஜன் என்கிறோம். வெட்டுண்ட இடத்தில் முதலில் குருதித் தட்டுகள் ஒன்றுகூடி அடைப்பிடும். பிறகு ஃபைப்ரினோஜன் மெல்லிய இழைகளாக மாறி, வலைபோற் பின்னி, அணுக்களைப் பிடித்து நிறுத்தும். ஏலமலையில் மழைக்காலத்தில் கடிக்கும் அட்டையின் உமிழ்நீர் இவ்வலை பின்னப்படுவதைத் தடுக்கிறது. அதனாலேயே அட்டை கழன்று விழுந்த பின்னும் குருதி கசிகிறது.

ஹியூசன் 1772ஆம் ஆண்டு இலண்டன் கிரேவன் தெருவில் தாமே ஒரு பள்ளியை நிறுவினார். மாணவர் பலர் நாடி வந்தனர். ஆனால், அப்புகழ் நீடிக்கவில்லை. 1774ஆம் ஆண்டு பிணம் ஒன்றை அறுத்து ஆராய்கையில் அவருக்கு ஒரு காயம் உண்டாயிற்று. அதன் வழியே நஞ்சு உடலெங்கும் பரவியது. மே முதல் நாளில், முப்பத்து நான்காம் வயதில், அவர் உயிர் நீத்தார். கிருமிகளே இத்தகைய நஞ்சுக்குக் காரணம் என்பதை அக்கால மருத்துவர் அறியார்.

குருதி காயத்தின் வாயை அடைக்கும்; உட்புகும் கிருமிகள் அனைத்தையும் வெல்ல அதனால் எப்போதும் இயலாது. ஆகவே, சிறு காயமாயினும் தூய நீராலும் சோப்பாலும் கழுவித் தூய துணியால் அழுத்திக் கட்டுதல் வேண்டும். ஆழமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். குருதியின் இயல்பை நமக்கு உணர்த்திய ஹியூசனுக்குக் கிட்டாத இவ்வறிவு நமக்குக் கிட்டியுள்ளது. அதனைப் போற்றிக் கைக்கொள்வோமாக.