வாவிக்கரைத் துறவி

மட்டுநகர் வாவிக்கரையில் பந்தாடிய பிள்ளைகளின் கதையை எழுதப் புகுந்தால், என் எழுதுகோல் முதலில் ஓர் அயல்நாட்டுத் துறவியின் பெயரிலேயே நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923இல் பிறந்தவர் யூஜின் ஹேபியர் அடிகளார். 1941இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். எனினும், அவரை ஊரறியச் செய்தது வகுப்பறையன்று, கூடைப்பந்துத் திடலே. உதைபந்தாட்டத்தில் ஊறிய பிள்ளைகளை அவர் கூடையை அண்ணாந்து பார்க்க வைத்தார். பிற்காலத்தில் தொழில்நுட்ப நிறுவனமொன்றைப் பொறுப்பேற்று இளைஞர்க்குக் கைத்தொழிலும் பயிற்றுவித்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பழிவாங்கலிலே தமிழரும் மாண்டனர். அத்தகைய நாளில், ஆகஸ்ட் 15ஆம் தேதி, வாழைச்சேனையிலிருந்து மட்டுநகர் நோக்கி, தமிழ் இளைஞர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு தம் ஸ்கூட்டரில் அடிகளார் புறப்பட்டார். ஏறத்தாழ 20 மைல் வழி. ஏறாவூரைக் கடந்தாக வேண்டும். அப்போது அவருக்கு வயது 66. தாய்நாடு திரும்ப அவருக்கு யார் தடை? அவர் திரும்பவில்லை. இதனைப் பலர் துணிவென்பர். நான் பழக்கம் என்றே கொள்வேன். 42 ஆண்டுகள் வாழ்ந்த மண்ணில் தெருவுக்கு அஞ்ச அவர் அறிந்திலர்.

மாலையில் அவர் வந்து சேரவில்லை, இளைஞரும் வரவில்லை. தேடியவர்களுக்கு அந்த ஸ்கூட்டர்கூட அகப்படவில்லை.