தந்தையும் பாட்டனுமாகிய விக்டர் ஹியூகோ

புலவரை அவர்தம் நூல்களின்கண் வைத்துக் காண்டல் எளிது; மனையின்கண் வைத்துக் காண்டல் அரிது. உலகம் போற்றும் ஒருவர் தம் மக்கட்கு எத்தகைய தந்தையாயிருந்தார், பேரர்க்கு எத்தகைய பாட்டனாயிருந்தார் என்று ஆராயப் புகுந்தால், சிலர் புகழ் குன்றும். சிலர் புகழ் வளரும். பிரெஞ்சு நாட்டுப் பெருங்கவிஞர் விக்டர் ஹியூகோவின் வாழ்விலோ இவ்விரண்டும் ஒருங்கே நிகழக் காண்கின்றோம். கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரால் தமிழிற் கொணர்ந்த பெருங்கதையின் ஆசிரியர் இவரே. 1950-இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தமையால், அக்கதையை நம் நாட்டில் அறிந்தோர் பலர். அதனை எழுதிய கையினையுடைய தந்தையின் துயரை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

ஹியூகோ 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் பெஸான்ஸோன் என்னும் நகரில் ஒரு போர் வீரரின் மூன்றாம் மகனாகத் தோன்றினார். பெற்றோர் தம்முள் மனம் ஒவ்வாது பிரிந்து வாழ்ந்தமையின், இல்லத்தின் ஒற்றுமை இத்தகைத்து என்பதை இளமையில் அவர் நன்கு அறிந்தாரல்லர். தம் இருபதாம் வயதில், 1822-இல், இளமைத் தோழியாகிய அதேல் என்னும் நங்கையை மணந்தார். தலைமகன் பிறந்த சில திங்களிலேயே இறந்தான். அதன்பின் 1824-இல் லியோபோல்டின் என்னும் பெண்மகவும், 1826-இல் சார்லும், 1828-இல் பிரான்சுவா விக்டரும், 1830-இல் தாயின் பெயர் பூண்ட இளைய மகள் அதேலும் பிறந்தனர்.

இந்நால்வருள்ளும் லியோபோல்டின் தந்தையின் கண்ணின் மணியாக விளங்கினாள். காலைதோறும் அவர் எழுதும் அறைக்குள் ஓடி வருவாள்; எழுதுகோலை எடுப்பாள்; நூல்களைத் திறப்பாள்; தாள்களைக் கலைத்துக் கோடுகள் இழுப்பாள். அவள் கசக்கிச் சென்ற தாள்களிலேயே இனிய பாடல்கள் தமக்கு வாய்த்தன என்று பின்னாளில் அவர் நினைந்து பாடினார். பிள்ளைச் செல்வத்தின் சிறப்பினைப் பாடிய நம் பழம்புலவர் எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பின் உளம் மகிழ்ந்திருப்பர்.

நிற்க. உண்மையை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று. ஹியூகோ இல்லறத்தில் குறையற்றவரல்லர். 1833 முதல் ஜூலியெத் துரூயே என்னும் நடிகையோடு அவர் கொண்ட தொடர்பு, அவ்வம்மை இறந்த 1883 வரை ஐம்பதாண்டு நீடித்தது. மனைவியும் மக்களும் அதனால் எய்திய வருத்தத்தை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அக்குறையே அவர் வாழ்வின் மிகக் கொடிய நாளிலும் வந்து உடன்நின்றது.

1843 பிப்ரவரியில் லியோபோல்டின் சார்ல் வாக்கெரி என்னும் இளைஞரை மணந்தாள். ஏழு திங்களும் நிரம்பவில்லை. செப்டம்பர் 4-ஆம் நாள் வில்கியே என்னும் சிற்றூரின் அருகே ஸேன் ஆற்றில் அவர்கள் சென்ற படகு கவிழ்ந்தது. நீந்துவதில் வல்லவராகிய கணவர் மனைவியை மீட்கப் பன்முறை முயன்றும் இயலாது, அவளோடு தாமும் மாண்டார். படகிலிருந்த அவர்தம் உறவினர் இருவரும் மடிந்தனர். லியோபோல்டினுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போர் பலரின் வயதும் அதுவே என்று எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது.

தந்தையோ அந்நாளில் ஜூலியெத்தோடு ஸ்பெயின் நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் இருந்தார். ஐந்து நாள் கழித்து ரோஷ்போர் என்னும் ஊரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து செய்தித்தாளை விரித்தார். மகளின் மரணத்தை அதிற் கண்டார். அதற்குள் அவளை அடக்கமும் செய்துவிட்டனர். ஈன்ற மகளின் முகத்தை இறுதியாகக் காணும் பேறும் அவருக்கு இல்லாதொழிந்தது.

இதன்பின் பத்தாண்டு வரை ஹியூகோ புதிய கவிதை நூல் ஒன்றையும் வெளியிட்டாரல்லர். 1856-இல் வெளிவந்த பெருந்தொகுதியை அன்று, இன்று என இரு பகுதியாக வகுத்தார். இரண்டிற்கும் இடையே நிற்பது மகளின் கல்லறையே. அந்நூலில் ஒரு பக்கத்தில் பாடல் இல்லை. மகள் இறந்த நாளும், அதன்கீழ் ஒரு வரிப் புள்ளிகளுமே உள்ளன. நம் தமிழ்ப் புலவர் கையறுநிலை என ஒரு துறை வகுத்தனர். சொல்லும் கையற்று நின்ற நிலையை அப்புள்ளிகளிற் காண்கின்றோம்.

மகளை இழந்த ஈராண்டில், 1845-இல், அவர் தொடங்கிய பெருங்கதையே 1862-இல் முற்றுப்பெற்று வெளிவந்த ‘ஏழை படும் பாடு’. அதன் தலைவன் ழான் வால்ழான் மணமாகாதவன். தான் பெறாத ஓர் ஏழைச் சிறுமிக்குத் தந்தையாகின்றான். அவளை வளர்த்து மணமுடித்துக் கொடுத்துத் தனிமையில் வாடுகின்றான். தன் மகளுக்கு இனி ஒன்றும் செய்ய இயலாத ஒரு தந்தையின் ஏக்கமே அவனுக்கு உயிரூட்டியது என்று கருதுகின்றோம்.

இதற்கிடையே 1851-இல் மூன்றாம் நெப்போலியனாகப் பின்னர் முடிசூடிய லூயி நெப்போலியனின் அடாத ஆட்சிப் பறிப்பை எதிர்த்தமையால், ஹியூகோ நாட்டை விட்டு அகன்று, பிரஸ்ஸல்ஸ் நகரிலும் ஜெர்ஸித் தீவிலும் தங்கி, 1855 முதல் கெர்ன்ஸித் தீவில் வாழ்ந்தார். ஆண்மக்கள் இருவரும் உடனிருந்தனர். அங்கே பிரான்சுவா விக்டர் ஷேக்ஸ்பியரின் நூல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தார். 1862 முதல் ஹியூகோ தம் மனையில் ஏழைச் சிறுவர்க்கு வாரந்தோறும் விருந்தளிக்கலானார். சிலரோடு தொடங்கிய பந்தி பின்னர் நாற்பதின்மர்வரை பெருகியது. வீட்டாரே பரிமாறினர், விருந்தினர்க்கு இடுவதையே அவர்க்கும் இட்டனர். தம் மக்கள்மேற் சென்ற அன்பு பிறர் மக்கள்மேலும் பாய்ந்தமைக்கு இதுவே சான்று.

ஆயினும் துயரம் அவரை விட்டபாடில்லை. இளைய மகள் அதேல், தன்னை விரும்பாத ஓர் ஆங்கிலப் படைவீரரைத் தொடர்ந்து 1863-இல் கடல் கடந்து சென்றாள். 1872-இல் மனநலம் குன்றியவளாய் மீண்டாள். 1915-இல் இறக்கும்வரை மருத்துவ மனையிலேயே வாழ்ந்தாள். 1868-இல் மனைவி இறந்தார். 1870-இல் தாய்நாடு திரும்பிய மறு ஆண்டே சார்ல் திடீரென மாண்டார். மார்ச் 18-ஆம் நாள், பாரிஸ் நகரில் கலகம் மூண்ட அதே நாளில், தந்தை மகனின் சவப்பெட்டியைத் தொடர்ந்து நடந்தார். தெருவை மறித்து அரண் எழுப்பிய மக்கள் அதனைத் திறந்து வழிவிட்டு வணங்கினர். 1873-இல் பிரான்சுவா விக்டரும் மறைந்தார். ஈன்ற ஐவருள் நால்வரைத் தந்தை மண்ணுக்குக் கொடுத்தார்.

எஞ்சியவர் சார்லின் மக்களாகிய ஜார்ஜும் ஜான்னுமே. தந்தை இறக்கும்போது ஒருவனுக்கு இரண்டு வயது. மற்றவளுக்கு ஒன்றும் நிரம்பியதன்றி இரண்டாகவில்லை. முதியவர் இவர்களைத் தம் உயிரெனப் பேணினார். 1877-இல் பாட்டனாயிருக்கும் கலையைப் பற்றிய ஒரு பாடல் நூலையே இயற்றினார். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி உலகறிந்தது. ஏதோ குற்றத்திற்காக ஜான்னை இருட்டறையில் அடைத்து வெறும் ரொட்டியை உணவாக விதித்தனர். பாட்டனார் எவரும் அறியாமல் ஒரு ஜாடி பழப்பாகைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டின் ஒழுங்கே கெட்டதென்று மற்றையோர் சினந்தனர். அவர் தம் குற்றத்தை ஒப்பித் தமக்கும் அத்தண்டனையே தகும் என்றார். அவ்வாறாயின் தான் வந்து பழப்பாகு தருவதாகக் குழந்தை மெல்ல அவர் காதில் உரைத்தது. பேரரசனுக்கு அஞ்சாத பெருங்கவி ஒரு சிறு பிள்ளைக்குப் பணிந்த காட்சி இது.

1885 மே 22-ஆம் நாள் ஹியூகோ காலமானார். தம்மை ஏழையர்க்குரிய வண்டியிலேயே ஏற்றிச் செல்லவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஏழையர்க்கென ஐம்பதினாயிரம் பிராங்கும் அளித்திருந்தார். ஜூன் 1-ஆம் நாள், பெருந்திரளான மக்கள் சூழ, அவ்வெளிய வண்டி பாந்தியோன் நோக்கிச் சென்றது. அதன் பின்னே பேரன் ஜார்ஜ் நடந்தான்.

மகள் இறந்த நாளில் உடனிராத ஒருவர், பேரர் வளர்ந்த நாளெல்லாம் உடனிருந்தார். இழைத்த குறையை உரியவர்க்கே ஈடுசெய்யும் வாய்ப்பு எல்லார்க்கும் எய்துவதன்று. எய்தாதபோது அக்கடனை அடுத்து வருவோர்க்கேனும், அயலார் மக்கட்கேனும் செலுத்தலாம் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அவர்தம் கவித்திறம் நமக்கு வாய்த்தல் அரிது. ஓர் எளிய குழந்தைக்கு அருகிருந்து அன்பு செய்தல் நம்மனோர் அனைவர்க்கும் இயல்வதே.