நிலப்படம் தொகுத்த சான்றோர்

ஆபிரகாம் ஆர்த்தேலியஸ் என்பார் 1527ஆம் ஆண்டில், இன்றைய பெல்ஜிய நாட்டிலுள்ள ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், நிலப்படங்களுக்கு வண்ணந் தீட்டியும் அவற்றை விற்றும் வாழ்க்கை நடத்தினார்.

அக்காலத்து நிலப்படங்கள் அளவால் வேறுபட்டு, இடந்தோறும் சிதறிக் கிடந்தன. அவர் அவற்றைத் தேடித் தொகுத்து, ஒரே அளவில் செப்புத் தகடுகளிற் செதுக்குவித்து, 1570இல் 53 படத்தாள்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பழைய நூல்களை ஆராய்ந்து, கிரேக்கரும் உரோமரும் அறிந்திருந்த நாடுகளைத் தாமே வரைந்து, 1579 முதல் அந்நூலுடன் சேர்த்து வந்தார். 1598இல் உலக வாழ்வை நீத்தார்.

பிறர் உழைப்பைத் தமதெனக் கொள்ளுதல் அவருக்கு எளிதே. ஆயினும், நிலப்பட அறிஞர் 87 பேரின் பெயர்களை நூலின் முதற்பதிப்பிலேயே பொறித்தார். அவருள் சிலரை அப்பட்டியலாலேயே உலகம் அறிகின்றது. பிறர் புகழைக் காத்தமையாலன்றோ அவர் புகழும் நிலைபெற்றது!