மனிதரை அட்டையில் எண்ணியவர்: ஹேர்மன் ஹொலரித்

எண்ணப்படுவதன் அருமையை நாங்கள் அறிவோம். 1981இற்குப் பிறகு இலங்கை முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு ஒன்று 2012 வரை நடக்கவில்லை. 1991இல் நடந்திருக்க வேண்டியது போரினால் நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ணினார்கள். இடைப்பட்ட 31 வருடங்களில் வடக்குக் கிழக்கில் யார் இருந்தார், யார் போனார், யார் இல்லாமல் போனார் என்பதற்கு முழுமையான கணக்கொன்று இல்லை.

இன்று அந்த வேலையின் பெரும்பகுதி கணினித் திரையில் நடக்கிறது. திணைக்களமொன்றின் அலுவலரோ தொண்டு நிறுவனப் பணியாளரோ அறிக்கையைத் திறந்து முதலில் மாவட்டத்தைத் தெரிவு செய்கிறார். பிறகு பிரதேச செயலகப் பிரிவு, அதற்குள் கிராம அலுவலர் பிரிவு, அதற்குள் பெண் தலைமைத்துவக் குடும்பம், அதற்குள் வயது. ஒவ்வொரு தெரிவிலும் எண்ணிக்கை சுருங்குகிறது. கடைசியில் எஞ்சும் எண்ணை வைத்தே யாருக்கு வீடு, யாருக்கு வாழ்வாதார உதவி என்று முடிவாகிறது. பல்மட்ட வடிகட்டல் என்று இதைச் சொல்லலாம். மனித மூளையும் பென்சிலும் செய்துவந்த இந்த வேலையை முதன்முதலில் மின்சாரத்திடம் ஒப்படைத்தவர் ஹேர்மன் ஹொலரித்.

அவர் 1860 பெப்ரவரி 29ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1848இன் எழுச்சிகளுக்குப் பிந்திய காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட பல குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துபோக, தாய்தான் வளர்த்தார். எழுத்துக்கூட்டலில் மிகவும் தடுமாறிய பையன் பள்ளிக்கூடத்தை வெறுத்தான். தாய் அவனை அங்கிருந்து விலக்கித் தனியாகப் படிப்பித்தார். அந்தப் பையன் 1879இல், 19 வயதில், கொலம்பியாவின் சுரங்கவியல் கல்லூரியில் பொறியியலாளராகத் தேறினான்.

தேறியவுடன் கிடைத்த வேலை 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில். அவருடைய பேராசிரியர் ஒருவரே அழைத்துப் போனார். அப்போது அமெரிக்காவின் சனத்தொகை 5 கோடி. ஒவ்வொருவரைப் பற்றியும் தாளில் எழுதிவந்த விபரங்களை எழுதுவினைஞர்கள் கோடு கோடாகக் கீறி எண்ணினார்கள். ஆண், பெண் என்று ஒருமுறை. உள்நாட்டில் பிறந்தவர், வெளிநாட்டில் பிறந்தவர் என்று மறுபடி முதலிலிருந்து. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், அதாவது வெளிநாட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இந்தத் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், இன்னுமொரு முறை. அடுத்த மதிப்பீடு நெருங்கும் காலம்வரை இந்த வேலை இழுபட்டது.

அங்கே பிறப்பு, இறப்புப் புள்ளிவிபரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற இராணுவ மருத்துவர். அவர் வீட்டு இராப்போசனத்தின்போது, இந்த எண்ணும் வேலைக்கு ஓர் இயந்திரம் இருக்கவேண்டும் என்று பில்லிங்ஸ் சொன்ன யோசனைதான் ஹொலரித்தின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஹொலரித் இதைப் பிற்காலத்தில் மறைக்கவில்லை. யோசனை யாருடையது என்பதைத் தானே எழுதி வைத்தார். காப்புரிமைக்காகச் சண்டை பிடித்தே வாழ்ந்த ஒரு மனிதரிடம் இந்த நேர்மை கவனிக்கத்தக்கது.

எம்.ஐ.டி.யில் சிறிது காலம் படிப்பித்தார், காப்புரிமை அலுவலகத்தில் சிறிது காலம் வேலை செய்தார். 1884இல் தன் முதல் விண்ணப்பத்தைப் போட்டார். அதில் அட்டை இல்லை. நீண்ட கடதாசிச் சுருளில் ஆளுக்கொரு வரிசையாகத் துளைகள் இருந்தன. அதன் குறையை அவரே கண்டுகொண்டார். அமெரிக்காவில் இருந்த சீனர்களை மட்டும் எண்ணவேண்டுமானால், அந்தச் சிலருக்காக மைல் கணக்கில் சுருளை ஓட்டவேண்டியிருந்தது. தேவையானவரைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒருவருக்கு ஒரு துண்டு என்று வெட்டிவிட்டால் பிரிக்கலாம், அடுக்கலாம், மறுபடி சேர்க்கலாம். அட்டை பிறந்தது அப்படித்தான். ரயிலில் ரிக்கெற் பரிசோதகர், பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றை ரிக்கெற்றின் ஓரத்தில் துளையாகக் குத்துவதை அவர் பார்த்திருந்தார். மற்றவரின் ரிக்கெற்றில் பயணம் செய்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

முதல் சோதனைக்கு அவருக்குக் கிடைத்தவர்கள் இறந்தவர்கள். பல்ரிமோர் நகரின் மரணப் பதிவுகளை அவர் தன் கையாலேயே, ரிக்கெற் பரிசோதகரின் துளைக்கருவி போன்ற ஒன்றினால், அட்டைகளில் குத்தினார். கை கடுமையாக வலித்தது. அதற்குப் பிறகே மேசையில் வைத்துத் துளையிடும் கருவியொன்றைச் செய்தார். நியூ ஜேர்சி, நியூயோர்க் நகர மரணப் பதிவுகளும், பின்னர் இராணுவத்தின் மருத்துவப் புள்ளிவிபரங்களும் அவரிடம் வந்தன.

1890 மதிப்பீட்டுக்கு யாருடைய முறையை எடுப்பது என்று தீர்மானிக்க ஒரு போட்டி வைத்தார்கள். சென். லூயிஸ் நகரின் 10,491 பேரின் பழைய பதிவுகள் கொடுக்கப்பட்டன. விபரங்களை மாற்றி எழுத ஹொலரித்துக்கு ஏறக்குறைய 72 மணித்தியாலங்கள் எடுத்தன. மற்ற இருவருக்கும் நூற்றுக்கு மேல். ஆனால் வித்தியாசம் தெரிந்தது எண்ணும்போதுதான். கைமுறையில் வந்த இருவருக்கும் 44, 55 மணித்தியாலங்கள். அவருக்கு ஐந்தரை.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால், இன்றைய அறிக்கைத் திரையில் நடப்பது விளங்கிவிடும். ஒருவருக்கு ஓர் அட்டை. அதில் 288 இடங்கள். ஆண் என்றால் ஓரிடத்தில் துளை, பெண் என்றால் வேறிடத்தில். வயது, பிறந்த நாடு, தொழில், மணமானவரா என்பவற்றுக்கும் அப்படியே. அட்டையை அழுத்தியின் கீழ் வைத்துப் பிடியை இறக்கினால், துளையுள்ள இடத்தில் ஊசி கீழே போய்ப் பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சுற்றுப் பூர்த்தியாகும், முன்னாலுள்ள 40 முகப்புகளில் உரிய முகப்பின் முள் ஓர் இடம் நகரும். சரியாக வாசித்தால் மணி அடிக்கும். அடிக்காவிட்டால் அந்த அட்டையில் ஏதோ பிழை என்று ஒதுக்கிவைத்தார்கள்.

இரண்டு, மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கத்தான் அவருடைய புத்தி வேலை செய்தது. இரண்டு துளைகளும் ஒரே அட்டையில் இருந்தால் மட்டுமே மின்சாரம் போகும்படி கம்பிகளை இணைத்தார். அப்படியானால் முகப்பு எண்ணுவது பெண்களையுமல்ல, வெளிநாட்டவரையுமல்ல. வெளிநாட்டில் பிறந்த பெண்களை மட்டும். கூடவே பக்கத்திலிருந்த பெட்டியில் உரிய மூடி தானாகத் திறந்தது. அட்டையை அதற்குள் போட்டால், அடுத்த சுற்றுக்கு அந்தக் கட்டு மட்டும் தனியாகக் கிடைத்தது. ஒரு வடிகட்டலின் விளைவை இன்னொரு வடிகட்டலுக்குள் அனுப்பினார் என்பதே இதன் பொருள்.

கம்பியை இணைத்து முடித்தபின் முகப்பு எண்ணை மட்டும்தான் காட்டும். எவரை விட்டுவிட்டது என்று சொல்லாது. இன்றைய மென்பொருளிலும் அதே கதை. பவர் பிஐ போன்றவற்றில் ஒரு வரைபடத்துக்கு மட்டும், ஒரு பக்கத்துக்கு மட்டும், அல்லது முழு அறிக்கைக்கும் என்று வடிகட்டி போடலாம். முழு அறிக்கைக்கும் போட்டது, அச்சிட்டு வரும் தாளில் தெரியவேண்டும் என்றில்லை. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற தெரிவுக்கு மேல், கணவர் இறந்தவர் என்ற இன்னொரு தெரிவை எவராவது போட்டுவிட்டால், கணவரின் மரணச் சான்றிதழை வாங்க மறுத்து வீதியோரப் பந்தலில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த எண்ணிலிருந்து மறைந்துபோவார்கள். கூட்டலில் பிழை இராது.

1890இல் ஆட்களின் மொத்தத் தொகை சில வாரங்களிலேயே வந்துவிட்டது: 6 கோடி 26 இலட்சத்துக்கு மேல். அமெரிக்கர்கள் மகிழவில்லை. இன்னும் பெரிய எண்ணை எதிர்பார்த்திருந்த பத்திரிகைகள் இயந்திரத்தின் மீதே பழி போட்டன. ஓர் எண் குறைந்ததற்காக அவர்களுக்கு வந்தது பெருமைக்குறைவு. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்ததும் ஒரு கழித்தல் கணக்குத்தான். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் 429,059 பேர். அதன்பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பதில் இன்றுவரை வரவில்லை.

ஹொலரித்தின் புகழ் அதன்பின் பரவியது. ஒஸ்திரியா, கனடா, நோர்வே, பின்னர் 1897இல் ரஷ்யா என அவருடைய இயந்திரங்கள் போயின. ஆனால் குடிசன மதிப்பீடு பத்து வருடத்துக்கு ஒருமுறைதானே வரும், இடையில் பட்டினிதான். அதனால் ரயில் நிறுவனங்களை நாடினார். நியூயோர்க் சென்ரல் ரயில்வேயின் சரக்குச் சீட்டுகளை அட்டையில் ஏற்றி, எந்தப் பாதையில் எவ்வளவு சுமை, எவ்வளவு வருமானம் என்று பிரித்துக் காட்டினார். முதலில் நிராகரித்தார்கள், இயந்திரத்தைத் திருத்திக் கூட்டலும் செய்ய வைத்துத் திரும்பக் கொண்டுபோனார். இன்று வணிக நுண்ணறிவு என்று அழைக்கும் துறைக்கு இதை ஒரு தொடக்கம் என்று நான் கொள்வேன். 1896இல் கம்பனி தொடங்கினார். இயந்திரத்தை விற்கமாட்டார், வாடகைக்குத்தான் கொடுப்பார். அட்டையும் அவரிடமே வாங்கவேண்டும். அந்தப் பிடிவாதம் பணத்தையும் பகையையும் கொண்டுவந்தது. வாடகை அதிகம் என்று குடிசன மதிப்பீட்டுப் பணியகமே அவரைக் கைவிட்டுச் சொந்தமாக இயந்திரம் செய்தது. வழக்குப் போட்டும் அவர் வெல்லவில்லை.

1911இல் கம்பனியை விற்றார். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 12 இலட்சம் டொலர். வாங்கி ஒன்றிணைத்த நிறுவனம் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. ஹொலரித் வேர்ஜீனியாவில் பண்ணை வைத்துப் பசு வளர்த்தார். 1929 நவம்பர் 17ஆம் திகதி வொஷிங்டனில் மாரடைப்பால் இறந்தார்.

அதன்பின் நடந்ததை அவர் பார்க்கவில்லை. ஜேர்மனியில் அவருடைய இயந்திரங்களைக் கொண்டு இயங்கிய டெஹோமாக் என்ற துணைக் கம்பனி, ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இலேயே பிரஷ்ய மாநிலக் கணக்கெடுப்பைச் செய்தது. மதம், தொழில், வசிக்கும் இடம் என்று குறுக்காகப் பிரிக்க முடிந்தது. 1939 கணக்கெடுப்பில் பாட்டன், பாட்டியர் யூதரா என்ற கேள்வியும் தனி அட்டையில் வந்தது. கொலைக்கு இயந்திரம் எவ்வளவு உதவியது, சாதாரணக் கைப்பட்டியல்கள் எவ்வளவு உதவின என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் முரண்படுகிறார்கள். டெஹோமாக்கின் இயந்திரமொன்று வொஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் கையில் வைத்திருந்தது வாக்காளர் பட்டியல். ஒரேயொரு வடிகட்டல் அதற்குப் போதுமாக இருந்தது.

1890 மதிப்பீட்டில் குடும்பத்துக்கு ஒரு தாள் வீதம் எழுதியிருந்தார்கள். எத்தனை பிள்ளைகளைப் பெற்றீர், அவர்களில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று தாய்மாரிடம் கேட்டிருந்தார்கள். 1921 ஜனவரியில் வொஷிங்டனில், அவை வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. நெருப்பும் தண்ணீரும் பட்டு எஞ்சியவற்றை அழிக்க 1933இல் அனுமதி கொடுத்தார்கள். ஹொலரித்தின் இயந்திரம் கூட்டிய அட்டவணைகள் எல்லாம் அச்சுத் தொகுதிகளாக இருக்கின்றன. 6 கோடிக்கு மேற்பட்டவர்களில் பெயரோடு மிஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் இருந்து உயிர்தப்பியவர்களையும், இறந்தவர்களின் விதவைகளையும் அதே வருடம் வேறு தாள்களில் தனியாக எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது.