குதிரையேறி வந்த குருவானவர் லீவன்ஸ் சுவாமிகள்

குரங்கணி மக்களுக்குக் குதிரைச் சுமையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கிய காலம் மலையேறிவிட்டது. ஆனால் போடி மலைமேல் சாலை காணாத ஊர்களுக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் போயிருக்கின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான். ஆகவே குதிரையில் காடு சுற்றிய ஒரு குருவானவரின் சரித்திரம் நம் ஜூபிலி மலருக்குப் பொருந்தும் என்று எண்ணுகிறோம்.

கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டு மூர்ஸ்லேட என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவர் குடும்பம், பிள்ளைகள் பலர். 1878-இல் சேசு சபையில் சேர்ந்து, 1880-இல் இந்தியா வந்து, 1883-இல் குருப்பட்டம் பெற்றார். 1885 மார்ச்சில் சோட்டா நாகபுரிக்கு அனுப்பப்பட்டார். அதுவரை எல்லாக் குருக்களின் வரலாறு போலத்தான்.

ராஞ்சிக்குத் தெற்கே தோர்ப்பா என்னும் ஊரில் தங்கினார். சுற்றிலும் காடு, மேடு, மழைக்காலத்தில் பெருகிவிடும் ஆறுகள். அக்காலத்தில் உள்ளூர்களுக்கு வண்டிப்பாதை கிடையாது. குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். முண்டாரி மொழியைக் கற்றார். ஓராவோன் மக்களின் குடுக் மொழியிலும் பேசினார். அது நம் தமிழுக்கு உறவான மொழி. அதில் 'நீ' என்பதற்கு 'நீன்' என்பார்கள். வடக்கே அத்தனை தொலைவில் நம் இனத்து மொழி வாழ்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற ஊர்களிலெல்லாம் அவர் கேட்டது ஒரே அழுகை. காட்டை வெட்டி நிலமாக்கியவர்கள் முண்டாக்கள். ஆனால் ஜமீன்தார்களும் குத்தகைக்காரர்களும் அந்த நிலத்துக்கு வாரத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கட்டிய வாரத்துக்கு ரசீது கொடுப்பதில்லை. கூலியில்லா வெட்டி வேலை வேறு. கோர்ட்டுக்குப் போனாலோ அங்கே பேசும் மொழி இவர்களுக்குப் புரியாது. சுவாமிகள் நிலச் சட்டங்களை ஊன்றிப் படித்தார். சட்டப்படி உள்ள வாரத்தைக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், அதற்கு மேல் கேட்டால் வழக்குப் போடுங்கள் என்று எடுத்துரைத்தார். வழக்குகளுக்கு வழி சொல்லித் துணை நின்றார். செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. ஆயிரக்கணக்கில் மக்கள் திருச்சபையை நாடி வந்தனர். 1889-இல் மேற்கேயுள்ள பர்வே பகுதிக்குக் குதிரையில் சென்றபோது கிராமம் கிராமமாக ஞானஸ்நானம் கேட்டார்கள்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வழக்கு ஜெயிப்பதற்காகவே வந்தவர்களும் உண்டு. அதிகாரிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதும் பலர் பின்வாங்கினர். அத்தனை பேருக்கும் ஞானோபதேசம் சொல்லித்தர உபதேசியார்கள் போதவில்லை. வேகம் அதிகம் என்று சொன்னவர்களின் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பசித்தவன் முதலில் சோறு கேட்பது குற்றமாகுமா?

ஓயாத அலைச்சலில் காசநோய் பிடித்தது. 1892-இல் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். 1893 நவம்பர் 7-ஆம் நாள் லூவேன் நகரில் மரித்தார். வயது முப்பத்தேழு. சோட்டா நாகபுரியில் உழைத்ததோ ஏழே ஆண்டுகள்.

அவர் எழுப்பிய நிலக் கேள்வி அவரோடு சாகவில்லை. 1899-1900-இல் பிர்சா முண்டாவின் கிளர்ச்சி எழுந்தது. 1908-இல் சோட்டா நாகபுரி குடிவாரச் சட்டம் பிறந்தது. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அதே சபையின் ஹாஃப்மன் சுவாமிகள். ஆதிவாசி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்க இன்றும் அந்தச் சட்டத்தைத்தான் நம்புகிறார்கள்.

மூர்ஸ்லேடயில் அவருக்குச் சிலை வைத்தார்கள்; குதிரைமேல்தான் அமர்ந்திருக்கிறார். அவர் மரித்த நூறாம் ஆண்டில், 1993-இல், அவருடைய எலும்புகள் ராஞ்சி மரியன்னை பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 2001-இல் அவரைப் புனிதராக்கும் பணி தொடங்கிற்று.