செங்கல் அடுக்கிய கைகள்

உழைப்பவனுக்கு உயர்வு உண்டு என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் கையால் உழைத்துக் கூலி பெற்றதே ஒருவனுக்குக் குறையாக எண்ணப்பட்ட காலமும் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்படி ஒதுக்கப்பட்டும் ஓய்ந்துவிடாத ஒருவரின் வாழ்க்கையைத்தான் இம்மலரின் வாயிலாக என் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அவர் அமெரிக்கப் படகு வீரர் ஜான் பி. கெல்லி. நம் கல்லூரி நூலகத்தில் ஒலிம்பிக் விளையாட்டுகள் பற்றிய ஒரு பழைய நூலைப் புரட்டியபோதுதான் அவரை நான் முதன்முதலில் சந்தித்தேன்.

கெல்லி 1889ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். இளமையிலேயே கொத்து வேலைக்குச் சென்றார். பகலெல்லாம் செங்கல் சுமந்து சுவர் எழுப்புவார். ஓய்ந்த நேரத்தில் ஊரையொட்டி ஓடும் ஸ்கூகில் ஆற்றில் படகு செலுத்துவார். அங்கிருந்த வெஸ்பர் படகுக் கழகம் அவரை வீரராக வளர்த்தது. முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்து பிரான்சு நாட்டில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியவர் மீண்டும் துடுப்பைக் கையிலெடுத்தார். அந்நாளில் தொடர்ந்து 126 பந்தயங்களில் அவர் வென்றார் என்று குறிப்பிடுவர்.

படகுப் பந்தயம் நம்மில் பலர் நேரில் காணாத விளையாட்டு. ஆதலால் அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கெல்லி பங்கேற்ற தனியர் பந்தயத்தில் ஒரே வீரர் இரு கைகளிலும் இரு துடுப்புகளைப் பிடித்துப் படகைச் செலுத்துவார். வெற்றிக் கோட்டுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருப்பார். கடந்து வந்த வழிதான் அவர் கண்ணுக்குத் தெரியும்; சேர வேண்டிய இடம் தெரியாது. துடுப்பைப் பற்றுவது கை என்றாலும் வேகம் பிறப்பது காலில். அமரும் பலகை முன்னும் பின்னும் நகரும். காலால் உந்தி, முதுகைச் சாய்த்து, கடைசியில்தான் கையை இழுக்க வேண்டும். 2,000 மீட்டர் தொலைவையும் ஏழெட்டு நிமிடங்களில் இப்படியே கடந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்றோர் ஊர் உண்டு. 1839 முதல் அங்கு நடைபெற்று வரும் படகுப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அதில் தனியருக்கான வைரத் துடுப்புப் பரிசை வெல்வது ஒவ்வொரு வீரரின் கனவு. 1920ஆம் ஆண்டு கெல்லியும் அப்பந்தயத்தில் கலந்துகொள்ள விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

காரணம் என்ன? கைத்தொழிலாளியாகவோ கூலியாளாகவோ வேலை செய்தவர் எவரும் பொழுதுபோக்கு வீரராகக் கருதப்படமாட்டார் என்று ஹென்லியில் 1879ஆம் ஆண்டிலேயே விதி செய்திருந்தனர். உடலுழைப்பால் வலுப்பெற்றவனுடன் கனவான்கள் போட்டியிடுவது நேர்மையன்று என்பது அவர்கள் வாதம். இன்னொரு காரணமும் இருந்தது. 1905இல் அங்கு வந்த வெஸ்பர் கழகத்தினர் பொதுமக்களிடம் பணம் திரட்டி வந்தார்கள் என்று கூறி, அக்கழகத்தின் விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என முன்னரே முடிவு செய்திருந்தனர். இரண்டு காரணங்களும் ஏட்டில் பதிந்திருக்கின்றன. ஆயினும் கெல்லியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது, தாம் கொத்தனார் என்பதால் ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணமே.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் நடைபெற்றது. தனியர் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் கெல்லியை எதிர்த்து நின்றவர் இங்கிலாந்தின் ஜாக் பெரெஸ்போர்டு. அவர்தான் அவ்வாண்டு ஹென்லியில் வைரத் துடுப்பை வென்றவர்! இருவரும் உயிரைக் கொடுத்துத் துடுப்பு வலித்தனர். ஒரே ஒரு நொடி வேறுபாட்டில் கெல்லி வென்றார். அவர் பெற்ற நேரம் 7 நிமிடம் 35 நொடி. ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் நீரில் இறங்கி, தம் உறவினர் பால் காஸ்டெல்லோவுடன் இருவர் பந்தயத்திலும் தங்கம் பெற்றார். 1924இல் பாரிசிலும் அதே துணையுடன் அதே பந்தயத்தில் வென்று, ஒலிம்பிக் படகுப் போட்டிகளில் மூன்று தங்கம் பெற்ற முதல் வீரர் என்னும் பெருமையை அடைந்தார்.

புகழ் வந்தபின் அவர் பழைய தொழிலை மறக்கவில்லை. செங்கல் கட்டுமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பெருஞ்செல்வரானார். அதற்கும் தம் பெயரையே சூட்டினார். 1935இல் பிலடெல்பியா மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் ஹென்லியின் வடு மட்டும் ஆறவில்லை. 1927இல் பிறந்த தம் மகனைச் சிறு வயது முதலே படகில் பழக்கினார். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த மகன் 1946இல் ஹென்லியின் இறுதிச் சுற்றில் தோற்றார். சோர்ந்துவிடவில்லை. 1947இல் வென்றார், 1949இல் மீண்டும் வென்றார். தந்தைக்கு அடைக்கப்பட்ட நீர்வழியில் மகன் வாகை சூடினார்!

இங்கே நான் சற்று நின்று எண்ணிப் பார்த்தேன். மகன் கூலி வேலை செய்தவரல்லர். செல்வர் வீட்டுப் பிள்ளை. அவர் வென்றதால் மட்டும் கொத்தனாருக்குக் கதவு திறந்துவிட்டதாகுமா? ஆகாது. 1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காவலர் படகுக் குழுவையும் அதே விதி தடுத்தது. எதிர்ப்பு வலுத்தது. 1937இல் தொழிலாளரை விலக்கும் சொற்கள் நீக்கப்பட்டன. அந்த ஆண்டைத்தான் உண்மையான வெற்றி ஆண்டு என்பேன்.

கெல்லியின் மகள் கிரேஸ் புகழ்பெற்ற திரைப்பட நடிகையாகி, 1956இல் மொனாக்கோ நாட்டு இளவரசரை மணந்தார். கொத்தனாராய் வாழ்வைத் தொடங்கியவர் அரச குடும்பத்துக்குச் சம்பந்தியானார். 1960 சூன் 20ஆம் நாள் அவர் மறைந்தார். படகில் அமர்ந்து துடுப்பு வலிக்கும் கோலத்தில் அவருக்குச் சிலை ஒன்று ஸ்கூகில் ஆற்றங்கரையில் நிற்கிறது.

நண்பர்களே, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. என் தந்தையும் கொத்தனார்தாம். இக்கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கட்டட ஒப்பந்தக்காரர் என்று எழுதினேன். எவரும் என்னைத் தடுக்கவில்லை. எந்த விதியும் என்னை விலக்கவில்லை. விலக்கியவன் நானே. அன்று என் அருகில் நின்றிருந்த தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்கவும் இல்லை. சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்த விரலால் கைநாட்டு மட்டும் வைத்துக் கொடுத்தார்.

ஹென்லி தன் விதியைத் திருத்த 58 ஆண்டுகள் ஆயின. எனக்கு ஓராண்டு போதுமானதாயிற்று. இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில், அதே இடத்தில், கொத்தனார் என்று தெளிவாக எழுதினேன். எழுதியதைத் தந்தைக்கு உரக்கப் படித்தும் காட்டினேன்.